கெலிஓயா வளைவில் கிறீச்சிடும் ரயில்

கண்டிப் பக்கத்து மனிதர்களிடம் எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. கெலிஓயா வளைவில் ரயில் வீறிட்டுக்கொண்டு திரும்பும்போது இங்கே ஒருவரும் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. தேநீர் குடிப்பவர் குடித்துக்கொண்டே இருக்கிறார். போர்க்காலத்தில், கூரிய சத்தம் எதுவானாலும் குண்டுக்குப் பயந்து பங்கர் குழிக்குள் பாய்ந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தவள் நான். எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏழு வருடமாக, காலைப் பத்து மணி ரயிலுக்கு முன்பே எப்படியாவது வகுப்பை முடித்துவிடுவேன். காரணத்தை இங்கே எவருக்கும் சொன்னதில்லை. பயந்தாங்கொள்ளி என்று தெரிந்த பிறகு ஆசிரியைக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

என் மாணவிகள் வியட்நாமிலிருந்து பௌத்தம் படிக்க வந்த ஐந்து பிக்குணிகள். நான் அவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அந்த வாரம் கீச்சொலிச் சொற்கள். எந்தச் சத்தத்தையும் காதால் கேட்டு, நான் செய்வதைப் போலவே தாங்களும் செய்து பார்த்த பிறகுதான் கொப்பியில் பொருள் எழுதுவார்கள். அது அவர்கள் மடத்துப் பழக்கம். ‘ஸ்குவீக்’குக்கு அலுமாரிக் கதவை ஆட்டிக் காட்டினேன். ‘விசி’லுக்குக் குசினிக் கேத்தில் கைகொடுத்தது. கிறீச்சிடும் ‘ஸ்க்ரீச்’ வந்ததும், நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

ஐம்பதைத் தாண்டிய மூத்த பிக்குணி லியென் விடவில்லை. “பத்து மணி ரயில் வரும், டீச்சர். இருந்து கேட்போம்.” சோக்கை எடுத்துக்கொண்டு கரும்பலகை முன்னால் போய் நின்றேன்.

ரயில் வந்தது. சோக்குடன் நிற்பதாகத்தான் நினைத்தேன். பார்த்தால் மேசைக்கடியில் குப்புறக் கிடக்கிறேன், காதுகளைப் பொத்திக்கொண்டு. தலையைத் திருப்பினால், பிக்குணிகளும் வரிசையாகத் தரையில்! பாடம் என்று நம்பி, ஒன்றுவிடாமல் செய்திருந்தார்கள். தேநீர்த் தட்டுடன் வந்த செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். வத்தேகமத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குசினி வேலைக்கு வந்த பெண் அவள்.

“என்னாங்க டீச்சர், எல்லாரும் இப்படி படுத்துக் கெடக்குறீங்க?”

“ஒண்டுமில்லை, படிப்பிக்கிறன்.”

“நல்லா படிச்சீங்க போங்க! டீ ஆறிடும், எந்திரிங்க.”

எல்லோரும் சிரித்தார்கள், லியெனைத் தவிர. அவர் என்னைப் பார்த்துச் செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெஞ்சு தரையில் படாமல் முழங்கைகளை ஊன்றி, வாயைத் திறந்து வைத்திருந்தார். என் வாய் மூடியிருந்தது. தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, “திறக்க வேண்டும்” என்றார் மெதுவாக. பங்கருக்குள் அப்பாவும் அதைத்தான் கத்துவார்: “வாயைத் திற பிள்ளை, காது வெடிச்சிடும்!”

“உங்கள் ஊரிலுமா?” என்று கேட்டேன்.

“சின்னப் பிள்ளையாக இருந்தபோது” என்றார். என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். ஏழு வருடம் ஒளித்து வைத்த பயம் அந்தக் கையில் லேசாகிப் போனது. அழுதேன், வெட்கமாக இருக்கவில்லை.

பிறகு அவருடைய கொப்பியைத் திருத்த எடுத்தேன். ‘ஸ்க்ரீச்’சுக்கு எதிரே எளிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: ரயிலின் சத்தம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் அதைத் திருத்தவில்லை. சத்தம் வெறும் சத்தமாகவும் இருக்கலாம் என்று எனக்குக் காட்டிய இந்த ஊருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

இப்போது வகுப்பு பத்தரை வரை நடக்கிறது. ரயில் வளைவில் வீறிடும்போது என் கை கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருக்கிறது. வாய் மட்டும் தானாகத் திறந்துகொள்கிறது. திரும்பிப் பார்த்தால், கொப்பியில் குனிந்திருக்கும் லியெனின் வாயும்.