எத்தனை பந்தி பிடிக்கும்

ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்று 2001-ல் நான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் ஒரு தப்பும் கிடையாது. இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். கணக்குக்கு வெளியே நடந்தவற்றுக்கு நான் பொறுப்பில்லை.

அணுபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, நெம்மேலிக்குப் பக்கத்தில் கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்திருந்தோம். மனை விற்றவர் கடல் சத்தத்தைப் பற்றி நிறையப் பேசினார். உப்புக்காற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. முதல் வருஷத்திலேயே ஜன்னல் கம்பி, டேபிள் ஃபேன், சைக்கிள் செயின், பூட்டுகள் எல்லாம் துருப்பிடித்தன. சாமி அலமாரியின் கீலும் தப்பவில்லை. கடவுள் தன் கதவையே காப்பாற்றிக்கொள்ளவில்லை என்றால் டேபிள் ஃபேனுக்காக யாரிடம் போய் நிற்பது?

மகள் கல்யாணமாகி சிங்கப்பூரில் இருந்தாள். அவளுக்கு ஈமெயில் அனுப்பவும், நான் ஆயுசு முழுக்க எழுதிக் குவித்ததை எல்லாம் டைப் அடித்து வைக்கவும் கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவாயிற்று. என் மனைவியின் தம்பி செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்றுக்கொண்டிருந்தான். எனவே ஏமாறுவதானால் குடும்பத்துக்குள்ளேயே ஏமாறலாம்.

நான் வேலை பார்த்தது அணுமின் நிலைய ஸ்டோர்ஸில். நட்டு, போல்டு, குழாய் என்று எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பதே பிழைப்பு. அதனால் கடைக்குப் போகுமுன் எண்ணிக்கொண்டு போனேன். ஒரு பக்கத்துக்கு மூன்று கேபி. ஆசிரியருக்குக் கடிதங்கள், பிரசுரமாகாத கட்டுரைகள், பாதியில் நிற்கும் ஒரு நாவல், இனிமேல் எழுதப்போவது எல்லாம் சேர்த்து, எனக்கு எழுபத்தெட்டு வயது என்று தாராளமாகப் போட்டாலும், நாலாயிரம் பக்கம். பன்னிரண்டு எம்பி. மகள் அனுப்பும் போட்டோக்கள் நூற்றைம்பது எம்பி. சிடியில் வந்த ஒரு கலைக்களஞ்சியத்தை, சிடி தேயக் கூடாது என்று அப்படியே டிஸ்க்கில் ஏற்றுவதாகத் திட்டம், அது அறுநூறு. எல்லாம் சேர்ந்தும் ஒரு ஜிபி ஆகவில்லை. மெஷின் தானே ஓடுவதற்கு இரண்டு ஜிபி. நாலு ஜிபி வாங்கினாலே நான் போன பிறகும் இடம் மிச்சமிருக்கும்.

கடையில் இருந்ததிலேயே சின்னது இருபது. மச்சான் நாற்பதை எடுத்து வைத்தான்.

“இருவது வச்சுகினு இன்னா மாமா பண்ணப் போறீங்க? நாப்பது போடுங்க.”

நான் என் கணக்கைச் சொன்னேன். முழுதும் கேட்டான்.

“உங்க கதைக்கு டிஸ்க்கே வேணாம் மாமா. பத்து ஃப்ளாப்பி தர்றேன், எடுத்துக்கினு போங்க.”

அப்போது என் மனைவி, கல்யாண வீடியோ கேசட்டையும் இதில் ஏற்றிவிடலாம் என்று தம்பி சொல்கிறானே என்று இழுத்தாள். அவள் எந்த கேசட்டைச் சொல்கிறாள் என்பது தெரியும். மகளின் கல்யாணம் 93-ல் திருக்கழுக்குன்றத்தில், மலையடிவாரத்து மண்டபத்தில் நடந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து என் மனைவியின் தங்கை மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவள் போட்டோவில் நாலைந்து இடத்தில் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல விறைத்துக்கொண்டு நிற்பாள். நடந்து, பேசி, சிரித்து இருப்பது அந்த கேசட்டில் மட்டும்தான். கேசட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, அதை எதற்குக் கம்ப்யூட்டரில் போட்டு அடைப்பது என்று கேட்டேன். ஒரு மணி நேர வீடியோ பன்னிரண்டு ஜிபி தின்னும் என்றான் மச்சான். ஒரு கல்யாணத்துக்கு அவ்வளவு இடம் அநியாயம் என்று சொல்லி இருபதோடு வந்தேன்.

வீட்டில் வந்து திறந்து பார்த்தால் 18.6 என்று காட்டியது. ரேஷன் கடையில் சர்க்கரையில் கை வைப்பார்கள், அது எதிர்பார்த்தது. டிஸ்க்கில் 1.4 ஜிபி எப்படிக் குறையும்? மறுநாளே பஸ் ஏறினேன். தயாரிக்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், மெஷின் ஆயிரத்து இருபத்துநாலாக எண்ணுகிறது, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்று மச்சான் விளக்கினான். ஸ்டோர்ஸில் நான் இப்படி விளக்கியிருந்தால் சஸ்பெண்ட் செய்திருப்பார்கள். திரும்பி வந்து மனைவியிடம் புலம்பியபோது, “பூக்காரி முழம்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். பூக்காரி கையால் அளந்தால் ஒரு முழம், நம் கையால் அளந்தால் முக்கால். அவ்வளவுதான் விஷயம். அந்த 1.4-ஐ நான் மறக்கவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் பீரோவைத் திறந்தோம். கல்யாண கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வீடியோ பிளேயரும் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வந்தான். கேசட் பெட்டியைப் பிரித்து டேப்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்தான். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னது இது: டேப் ஒரு தடவைதான் ஓடும். நடுவில் நிறுத்தினால் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். இன்றைக்கே ஓட்ட வேண்டும், இந்தக் காற்றில் நாளைக்கு மறுபடி பூத்துவிடும். சுருக்கி சிடியில் போடுவதெல்லாம் பிறகு. இந்த மெஷினுக்கு ஓடும்போதே சுருக்குகிற வேகம் இல்லை, முதலில் முழு சைஸில்தான் பிடித்தாக வேண்டும்.

கேசட் மூன்று மணி நேரம். கடையில் வேறு டிஸ்க் கைவசம் இல்லை, எங்கள் டிஸ்க்கில் மிச்சம் 15.6 ஜிபி. எழுபத்தெட்டு நிமிஷம். என் ஆயுசுக்குப் போட்ட அதே எண். மீதி கல்யாணம் டிவியில் ஓடிக் காற்றில் போக வேண்டியதுதான். ஓடுகிற டேப்பை நிறுத்தாமல், கம்ப்யூட்டரில் மட்டும் வேண்டிய இடத்தில் பிடித்து வேண்டாத இடத்தில் விட்டுவிடலாம் என்றான்.

எனவே மூவரும் உட்கார்ந்து யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று முடிவு செய்தோம். சொந்தக்காரர்களை இவ்வளவு நிம்மதியாக அதற்கு முன்னும் பின்னும் நான் நீக்கியதில்லை. முதல் பதினோரு நிமிஷம், வீடியோக்காரர் கோயில் கழுகைப் படம் பிடிக்க மலை ஏறியது. கழுகு வரவில்லை, வானமும் ஒரு குருக்களின் பின்தலையும் மட்டும். போகட்டும். மொய் எழுதிப் பரிசு கொடுக்கும் வரிசை நாற்பது நிமிஷம், அதில் ஒரே மாதிரிச் சுவர்க் கடிகாரம் ஒன்பது வரும். போகட்டும். தாலி கட்டுவது வேண்டும் என்றேன். தாலி கட்டும்போது புகையும் போட்டோகிராபர் முதுகும்தான் தெரியும் என்றாள் மனைவி. முகம் தெரிவது பந்தியில் மட்டும்தான். வீடியோக்காரர் ஒவ்வொரு இலையாக நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்.

“அவ எந்தப் பந்தியில உக்காந்தான்னு எனக்கு ஞாபகமில்ல. ஓடிக்கிட்டே இருந்தா. பந்தி எல்லாத்தையும் புடிங்க.”

தாலிக்குப் பதினைந்து நிமிஷம் வாங்கினேன். பக்கத்தூரில் மின்சாரம் தயாரிக்கிறார்கள், எங்கள் வீட்டில் அது வரும்போது வரும். அன்றைக்கு மரியாதையாக இருந்தது. டேப் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. கடிகாரங்கள் வந்து போயின. மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்து வாழ்த்துரை வழங்கினார், டிஸ்க்கில் ஒரு துளி இடம் வாங்காமல் மறைந்தார்.

முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டார். சம்பந்தி வடையை இரண்டாகப் பிய்த்து இரண்டு பக்கமும் ஆராய்ந்தார். இரண்டாவது பந்தி என் ஆபீஸ்காரர்கள். என் மேலதிகாரி மீசையில் சாம்பாரோடு அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். விடலாம் என்றான் மச்சான். பத்து வருஷம் அந்த மீசையிடம் திட்டு வாங்கியவன் நான். பிடி என்றேன். ஆறு நிமிஷம் போயிற்று. அதற்காக இன்றும் வருத்தமில்லை.

பஸ் கண்டக்டர் மாதிரி மீதியைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது பந்தி. மூன்று ஜிபி. இரண்டு. ஒவ்வொரு இலையிலும் மனைவி முகத்தைத் தேடினாள். தங்கை இல்லை. ஒரு தடவை ரசவாளியும் புடவைத் தலைப்பும் குறுக்கே போயின, அவ்வளவுதான். பெண் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பரிமாறி முடித்துக் கடைசியில்தான் உட்காருவார்கள். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்துதான் அதிகாரி மீசையைப் பிடித்திருந்தோம்.

கடைசிப் பந்திக்கு இலை போட்டபோது இருநூறு எம்பி இருந்தது. ஒரு நிமிஷம். பூக்காரி முழத்தில் போன 1.4 இருந்திருந்தால் ஏழு நிமிஷம்.

“எதையாச்சும் தூக்கணும் மாமா,” என்றான் மச்சான்.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “என் எழுத்தைத் தூக்கு” என்றேன். தியாகமாகத்தான் சொன்னேன்.

“அது மூணு செகண்டுக்குத்தான் வரும். இருந்துட்டுப் போவட்டும்.”

கலைக்களஞ்சியத்தைத் தூக்கினான். உலக அறிவு முழுவதும் போய் மூன்று நிமிஷம் கிடைத்தது. அவன் கை எடுக்கும்போதே டிவியில் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வந்து உட்கார்ந்தாள். இலையைத் தன் பக்கம் இழுத்தாள். தண்ணீர் தெளித்தாள். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

“இன்னா, காலையிலேர்ந்து புடிச்சுகினே கீற? நீ துன்னியா? அத்த வெச்சுட்டு வந்து குந்து.”

வீடியோக்காரர் நல்ல பசியில் இருந்திருக்க வேண்டும். படம் சாய்ந்தது. கேமரா எதன்மேலோ உட்கார்ந்தது. அதற்குப் பிறகு திரையில் ஒரு ரசவாளி, அதன் வளையம், பின்னால் ஒரு தூணின் கீழ்ப்பாதி. இரண்டு நிமிஷத்துக்கு மேல் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து அவள் குரல் வந்துகொண்டிருந்தது. அவருக்கு இன்னொரு கரண்டி வைக்கச் சொல்கிறாள். பாயசத்தில் முந்திரியைக் காணோம் என்கிறாள். மாமா எண்ணித்தான் போடச் சொல்லியிருப்பார் என்கிறாள். யாரோ சிரிக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இடம் நிரம்பிவிட்டது என்று மெஷின் ஒரு பெட்டி காட்டியது.

மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னக்கா அந்த ஆளை உட்காரவைக்காமல் இருந்திருக்கலாம் என்றான். என் மனைவி அதற்கும் சிரித்தாள். கேசட்டை வெளியே எடுத்தபோது டேப் இரண்டு துண்டாக வந்தது.

முந்திரியை எண்ணியது உண்மை.

2007-ல் அந்த மெஷினையும் உப்புக்காற்று முடித்துவைத்தது. சிடிகளில் ஏற்றி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு மறுபடி செங்கல்பட்டு. மச்சான் இரண்டு டிஸ்க்கை மேஜைமேல் வைத்தான். ஒன்று நூற்றறுபது, இன்னொன்று இருநூற்றைம்பது. நான் கணக்கை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டேன்.

“இந்தச் சின்னதுல எத்தன பந்தி புடிக்கும்?” என்று கேட்டாள் மனைவி.

பந்திக்கு இருபது நிமிஷம், நாலு ஜிபி. கடைக்காரன் முழத்தில் நாற்பது பந்தி வரும், நம் முழத்தில் முப்பத்தேழுதான் என்றேன்.

பெரியதைக் கட்டச் சொன்னாள்.