மெட்ராஸுக்கு மாற்றல்

ஒன்பது வருஷம் மனுப்போட்டு, இனி கிடைக்காது என்று கைகழுவிய பிறகு, எழுபத்தைந்தாம் வருஷம் சிதம்பரத்தின் பேருக்கு மெட்ராஸ் மாற்றல் வந்தது. ஆபீஸில் அத்தனை பேருக்கும் வயிற்றெரிச்சல். சம்மதமா இல்லையா என்று பதினைந்து நாளைக்குள் எழுதித் தர வேண்டும். வேண்டாம் என்றால் அப்புறம் ஜென்மத்துக்கும் கிடையாது. மனுஷன் அந்தக் காகிதத்தைப் கல்கத்தா பவானிபூர் வீட்டுக்குக் கொண்டு வந்து பெண்டாட்டி கையில் கொடுத்தார். "நீயே யோசிச்சுச் சொல்லு, வனஜா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நல்ல சாமர்த்தியம் போங்கள்.

வனஜாவுக்கு யோசிக்கத் தெம்பில்லை. முப்பத்தாறு வயதுதான். விடிந்தால் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு மாடி ஏற்ற வேண்டும். பொழுது சாய்ந்தால் லோட்ஷெட்டிங். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவளுக்கு வாய்தான் அலுத்துப் போயிருந்தது.

ஒரே மகள் கோமதி. இரண்டு வயதில் வந்த விஷ ஜுரம் போகும்போது பிள்ளையின் காதையும் கொண்டு போய்விட்டது. காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, மித்ரா தீதிமணி என்ற டீச்சரம்மா கண்டிப்பாகச் சொன்னாள்: பிள்ளை உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் படிக்கப் போகிறது, வீட்டிலும் பள்ளியிலும் ஒரே பாஷைதான் பேச வேண்டும், இரண்டு பேசினால் இரண்டும் வராது. பள்ளியில் வங்காளம், ஆகவே வீட்டிலும் வங்காளம். தென்காசிக்காரிக்கு அன்றைக்கு அந்தப் பாஷையில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. கீழ்வீட்டு அம்மாளிடமும் மீன்காரியிடமும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு கற்றாள். மகளுக்கு எதிரே உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, ஒரே சொல்லை நாற்பது தரம் சொல்லுவாள். கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கைத் தன் தாடைக்குக் கீழே தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்லுவாள். பத்து வருஷமாக இதே பாடுதான். பெற்ற பிள்ளையைத் தமிழில் "கண்ணு" என்று ஒரு நாள் கூப்பிட்டதில்லை, பாவம். புருஷனோடு சண்டை போடத்தான் தமிழ் உதவிற்று. பிள்ளை பக்கத்தில் இருந்தாலும் அவளுக்குப் புரியாதே.

கல்கத்தாவில் இவர்கள் மதராஸிகள். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. பவானிபூரில் பஞ்சாபி, குஜராத்தி என்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஊரே திரும்பிப் பார்த்தது மெட்ராஸில்தான். போன மே மாதம் வனஜாவின் தங்கை ராமாயி மாம்பலத்தில் வீடு கட்டிக் குடிபோனாள் என்று மூவரும் போயிருந்தார்கள். பஸ்ஸில் தாயும் மகளும் பேசிக்கொள்வதைப் பார்த்து ஒருத்தி, முகத்தைப் பார்த்தால் நம்ம ஊராட்டம் இருக்கு, இதென்ன பேச்சு என்று காதுபடவே கேட்டாள்.

அதைவிட மோசம் விசேஷத்தன்று நடந்தது. ராமாயி கொதிக்கக் கொதிக்கப் பாயசப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். நடைவாசலை மறித்துக்கொண்டு கோமதி நிற்கிறாள். "போ, போ, உள்ள போ" என்றாள் சித்தி. கோமதி சட்டென்று வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வங்காளத்தில் 'போஷ்' என்றால் உட்கார். 'போ'வுக்கும் அதற்கும் உதட்டில் இம்மி வித்தியாசம் கிடையாது. ராமாயி பதறிப்போய் இன்னும் பெரிதாகப் "போ" என்று கத்த, பிள்ளை இன்னும் நன்றாகச் சரிந்து உட்கார்ந்துகொண்டது. கூடம் முழுக்கச் சிரிப்பு. "மந்தம்போல, பாவம்" என்றாள் ஒரு கிழவி. கோமதியின் முகத்திலோ சொன்னபடி கேட்டுவிட்ட பெருமை. வனஜாவால் தாங்க முடியாமல் போனது அந்தப் பெருமையைத்தான்.

மாற்றல் காகிதம் வந்த மறுநாளே மித்ரா தீதிமணியைப் போய்ப் பார்த்தாள். பதின்மூன்று வயதில் இன்னொரு பாஷையின் உதட்டை முதலிலிருந்து கற்பது லேசில்லை, நான் நம்பிக்கை சொல்ல மாட்டேன் என்று டீச்சரம்மா கையை விரித்துவிட்டாள்.

ஆனாலும் வனஜாவுக்குப் போகத்தான் ஆசை, இதில் ஒளிப்பானேன்? ராமாயி வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து வாய் நிறையத் தமிழ் பேச வேண்டும். யாருக்கும் எதையும் இரண்டாம் தரம் சொல்லக்கூடாது. இதைத் தவிர அவள் சாமியிடம்கூட ஒன்றும் கேட்கவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது புருஷனும் பெண்டாட்டியும் தமிழில் முட்டிக்கொள்வார்கள்.

"அங்க அவ யார் கூடங்க பேசுவா?"

"நாம இருக்கோம்லா."

"நாம எத்தனை நாளைக்கு?"

உடனே சிதம்பரம் எழுந்து கைகழுவப் போய்விடுவார்.

பதினாலாம் நாள் சாயங்காலம் வனஜா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோமதி வந்து அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மா, துமி மெட்ராஸ் ஜாவ்" என்றாள். நீ மெட்ராஸுக்குப் போ என்கிறாள்.

வனஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெட்ராஸ் எந்தப் பாஷையிலும் மெட்ராஸ்தானே! பதினாலு நாளாக அந்த ஒரு சொல்லை இரண்டு பேர் உதட்டிலும் பிள்ளை படித்திருக்கிறது. பள்ளி ஹாஸ்டலில் இடம் இருக்கிறதாம், தீதிமணியிடம் கேட்டுவிட்டாளாம், பூஜை லீவுக்கு அம்மா வந்து பார்த்தால் போதுமாம். எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கடைசியில் சொன்னாள்: "அங்கே சித்தியோட பேசும்போது நீ சிரிச்சுக்கிட்டே இருந்தே. இங்கே நீ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை."

அந்த இடத்தில் தாயானவள் பிள்ளையை அள்ளி அணைத்திருக்க வேண்டும். வனஜா அணைக்கவில்லை. ஒரு நிமிஷம், சரி என்றுதான் அவள் மனசு சொல்லிற்று. முகத்தைப் படித்தே வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாமல் போகுமா? தலையை ஆட்டிவிட்டுப் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சிதம்பரம் வந்ததும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடச் சொன்னாள் வனஜா. நல்லா யோசிச்சியா என்று கேட்டார். யோசித்ததால்தான் சொல்கிறேன் என்றாள். பிறகு மகளிடம் போய், நாம் யாரும் போகவில்லை என்றாள். கோமதி அம்மாவின் உதட்டைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். உனக்குப் போக ஆசை, எனக்குத் தெரியும் என்றாள்.

வனஜா அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒரு சொல்லும் தப்பிவிடாதபடி, வாயை அகலத் திறந்து, வங்காளத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஆசைதான். உன்னை விட்டுட்டுக்கூடப் போயிடலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். போகலை."