நூற்று நாற்பது வோல்ட்டில் எரிந்த விளக்கு

அந்த வருடங்களில் எங்கள் ஊரில் எது நடந்தாலும் பழி வோல்டேஜ் மீதுதான் விழும். வெள்ளகோவில் பக்கம் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கினால், டியூப் லைட்டின் இரண்டு முனையும் சிவந்து கிடக்கும், நடுவில் இருட்டு. என் அண்ணன் விசைத்தறி ஓட்டி வந்தார். பாவு நூலில் அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட முடியாமல் துணியில் பழுது விழுந்துகொண்டே இருந்தது.

"வெளிச்சம் பத்தமாட்டேங்குது தம்பி. இப்படியே போனா தறியை எடைக்குத்தான் போடோணும்" என்றார்.

நான் கோவையில் எலக்ட்ரானிக் சோக்கு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் டிசைன் பார்த்து வந்தேன். இருநூற்று முப்பது வர வேண்டிய இடத்தில் நூற்று நாற்பது வோல்ட்டே வந்தாலும் டியூப் லைட்டைப் பட்டென்று எரிய வைக்கும் ஒரு சோக்கை அண்ணனுக்காகச் செய்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். குறைந்த வோல்டேஜுக்கு ஏற்றபடி சோக்குக்குள் இருக்கும் கம்பிக் காயிலைச் சுற்றினால், மோட்டார்கள் நின்றதும் வோல்டேஜ் எகிறி டிரான்சிஸ்டர்கள் வெடித்தன. இரண்டையும் தாங்க வைப்பதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன், "ஆச்சா தம்பி?" என்பார். எனக்குக் கோபம் வரும். அடை வைத்த முட்டையா, நாள் வந்தால் தானாகப் பொரிய?

ஒருவழியாக ஆனது. மோட்டார்கள் ஓடும் சாயங்காலமாகப் பார்த்துத் தறிக்கூடத்தில் மாட்டினேன். மீட்டர் நூற்று நாற்பதைக் காட்டியது. சுவிட்சைப் போட்டதும் கூடமே வெளுத்துவிட்டது. அண்ணி முந்தானையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "கண்ணு கூசுதுங்க தம்பி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணன் பாவின் மேல் குனிந்து விரலால் இழைகளைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து என் தோளில் கை வைத்தார்.

"உடு தம்பி. முந்தியாட்டத்தான் மங்கலா இருக்குது. லைன்ல கரண்டே வரலீன்னா நீ என்ன பண்ணுவே?"

அண்ணி என்னைப் பார்த்தார். மறுநாள் அண்ணனை முதல் பஸ்ஸில் ஏற்றினேன்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது என்றார் கோவையில் கண் டாக்டர். வலியே இருக்காதாம். "போன பார்வை போனதுதானுங்க. ஒரு வருசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிச்சம் பண்ணியிருக்கலாம்." அந்த ஒரு வருடமும் நான் சோக்குக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ் பல்லடம் தாண்டியது. அண்ணன், "அப்ப உன்ற சோக்குல குத்தமில்ல தம்பி" என்றார், நிஜமான நிம்மதியோடு. எனக்கு அவரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.