அப்புத்தளை ஸ்டேசனில் அழாதவள்

அன்றைக்கு அப்புத்தளை ஸ்டேசனில் அழாத ஆள் நான் ஒருத்திதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் தோட்டத்தில் அழுகைக் கோச்சி என்று பெயர். போகிறவர்கள் ஜன்னலுக்குள்ளிருந்து அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அழாமல் திரும்பியவரை லயத்து வரிசை வீடுகளில் வருடக்கணக்காகச் சொல்லிக்காட்டுவார்கள்.

அம்மாவும் அப்பாவும் அண்ணனும் போனார்கள். இந்தியக் குடியுரிமை கேட்டு அப்பா மனு எழுதிக்கொடுத்தபோது நான் பிறந்திருக்கவில்லை. பிறகு என் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அப்பாவுக்கு எல்லாமே பிறகுதான். பாஸ்போர்ட் வந்தபோது எனக்கு ஆறு வயது, அதில் நான் இல்லை.

என் கையை அத்தையிடம் கொடுத்துவிட்டு அம்மா குனிந்தாள்.

"அழக் கூடாது தங்கம். நீ அழாம இருந்தா அம்மா சுருக்கா வந்துருவேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன்கூட அழுதான். கோச்சி வளைவில் மறைந்ததும் அத்தை பக்கத்திலிருந்தவர்களிடம், "பாத்தீங்களா, கல்லு மனசு இதுக்கு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது, சொன்ன வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன் அல்லவா. அத்தை வீட்டில் அடி வாங்கியபோதும் அழவில்லை. யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்டால், அழுதால், அம்மா வருவது தள்ளிப்போய்விடும். கடிதம் இரண்டு வந்தது, அம்மா வரவில்லை. அத்தனை பேர் இருந்த லயத்தில் நான் தனியாகவே வளர்ந்தேன்.

உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று முதலில் சொன்னவரையே கட்டிக்கொண்டேன். வெலிமடையிலிருந்து மரக்கறி லாரி ஓட்டியவர். வாரக்கணக்கில் வரமாட்டார். வந்தால் சோறு போடுவேன், எங்கே இருந்தீர்கள் என்று வாய் திறக்கமாட்டேன். அவர் செத்த பிறகுதான் என் ரத்தத்திலும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது.

பதுளை கிளினிக்கில் மாத்திரை கொடுக்கும் நர்ஸ் மிஸி ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

"ஒருக்காவாவது அவருகிட்ட கேட்டிருக்கலாமே அக்கா?"

"கேட்டா போயிருவாரே மிஸி."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. எத்தனையோ வருடத்து அழுகை. மிஸி அடுத்த ஆளைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு வயதில் எனக்கு விளங்காத ஒன்று அப்போதுதான் விளங்கியது. எப்போது திரும்புவோம் என்பது அம்மாவுக்கே தெரியாது. நான் அழுதிருந்தால் தன்னால் அந்தக் கோச்சியில் ஏற முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.