கயிறு பிடித்தவருக்கு நான் சொன்ன எண்ணிக்கை

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்த்தேன். பக்கத்து ஊரான நாசரேத்தின் மிஷன் பள்ளியில் படித்தவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

வார்டில் ஒரு சங்குக்குளிகாரர் கிடந்தார். பல வருஷத்து இளைப்பு; அவர் மூச்சின் விசில் வராந்தா வரைக்கும் கேட்கும். துணைக்கு அவருடைய மனைவியின் அண்ணன். கடலில் முங்குகிறவரின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பார். தன் தங்கை தாலியறுக்க விடமாட்டார் என்ற நம்பிக்கை. கயிறு அசைந்தால் யோசிக்கக்கூடாது, இழுத்துவிட வேண்டும்.

டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் விசில் அடங்கிவிட்டது. ஆனால் ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மறுபடி எண்ணினேன். அதே கணக்கு.

எண்ணிக்கை எழுதிய சீட்டு டாக்டருக்குத்தான் போக வேண்டும். ஜன்னலில் மச்சான் நின்றார்.

“ரத்தம் எப்படிம்மா இருக்கு?”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? “வெள்ளணு ஏறிட்டுல்லா அண்ணாச்சி. உள்ள பழுத்திருக்கும். மாத்திரை ஒத்துக்கல போல.”

அவர் யோசிக்கவில்லை. நர்ஸ் கொடுத்த மாத்திரைகளை வேட்டி மடியில் முடிந்துகொண்டார். இரண்டே நாளில் குளிகாரரின் உதடு நீலம் பாரித்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். மடியிலிருந்த மாத்திரைகள் அப்போதுதான் வெளியே வந்தன.

ஓரத்தில் ‘உள்ளே பழுப்போ?’ என்று நான் எழுதியிருந்த சீட்டோடு டாக்டர் பரிசோதனை அறைக்கு வந்தார்.

“வெள்ளணுவ ஆளுன்னு வச்சிக்கோ. புதுசா ஆள் வரலைம்மா. ஹார்பர் சுவரோரம் சாஞ்சி நின்னவங்க ரோட்டுக்கு வந்திருக்காங்க. நீ ரோட்டுல எண்ணுத. அணுக்கள் ரத்தக்குழாய் சுவர்ல ஒட்டித்தான் நுரையீரலுக்குள்ள நுழையும். இந்த மாத்திரை ஒட்டவிடாது. உள்ள கூட்டம் குறையும், ரத்தத்துல கூடும். அவரு மூச்சு விட்டதே அதனாலதான்.”

அவர் போனபின் என் விரலையே குத்தி, ஒரு சொட்டைச் சாயம் போடாமல் கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அணு நகர உடம்புச்சூடு வேண்டும். தூத்துக்குடி வெயிலில் அதற்குப் பஞ்சமில்லை. அதுவரை நான் எண்ணியதெல்லாம் அசையாத புள்ளிகள். இப்போது ஒரு வெள்ளணு ஓரத்தில் மெல்லப் பிதுங்கியது. அந்தப் பிதுக்கத்துக்குள் தன்னையே ஊற்றிக்கொண்டு நகர்ந்தது. நின்றது. வேறு பக்கம் திரும்பியது. கண் இல்லை, கால் இல்லை, ஆனால் போகிற இடம் தெரிகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதையா ஒரு சின்ன மாத்திரை வழிமறிக்கிறது! கர்த்தாவே என்று வாய்விட்டே சொன்னேன்.

மாத்திரையைத் திரும்பவும் தொடங்கினார்கள். நாலாம் நாள் வார்டுக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் மச்சான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“கயிறு என் கையிலதான இருந்துச்சு. தப்பா இழுத்துட்டேன்.”

நான் சொன்னதாக அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“கயித்த ஆட்டினது நான் அண்ணாச்சி,” என்றேன், பக்கத்துக் கட்டிலருகே நின்ற டாக்டர் காதுபட. “தப்பு எம்மேலதான்.”

கட்டிலிலிருந்து குளிகாரர் கையை அசைத்தார். குரலில் விசில் இல்லை.

“விடுங்க ரெண்டு பேரும். மேல வந்துட்டேம்லா.”