முட்டிக்குச் சொன்ன ஸாரி

அந்த ஆன்ட்டியைப் பழிவாங்குவது என்று நான் முடிவு செய்தது அவர் வீட்டு வரலட்சுமி பூஜையன்று, கையில் சுண்டல் கப்போடு நின்றுகொண்டிருந்தபோது. சுண்டல் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு கோபத்திலும் இரண்டாவது கப் வாங்கினேன். எனக்குக் கோபம் வேறு, வயிறு வேறு.

முதலில் என்னைப் பற்றி. பத்தாம் வகுப்பில் இரண்டு முறை ஃபெயில் ஆனவன் நான். மூன்றாவது முறை பரீட்சைக்குப் பணம் கட்ட அப்பா மறுத்துவிட்டார். என் மனைவி என் அத்தை மகள், இன்ஜினியர். ஈரோட்டில் எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் மணமேடையில் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள், பிறகு என் அத்தையைப் பார்ப்பார்கள். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு நியூ ஜெர்சிக்கு வந்த சாமான் நான். வேலை பார்க்க எனக்கு அனுமதி கிடையாது. நீ வேலை செய்யக் கூடாது என்று என்னிடம் ஒரு நாட்டின் அரசாங்கமே சொன்னது இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் என்னைப் பார்த்த முதலாளிகள் மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்டில் எல்லா வீட்டிலும் அம்மா அப்பா இரண்டு பேரும் மீட்டிங்கில் இருப்பார்கள். சும்மா இருக்கும் ஒரே ஆம்பளை நான். அதனால் ஸ்கூல் விட்டால், டான்ஸ் கிளாஸ் விட்டால், நீச்சல் விட்டால், குழந்தைகளை வேனில் ஏற்றி இறக்குவது என் பொறுப்பானது. எல்லாக் குழந்தைகளுக்கும் நான் வேன் அங்கிள்.

எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. பிறக்கும்போதே மூட்டுகள் இறுகிப் பிறந்தவள். அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு. டாக்டர் சொன்னபோது எனக்கு ஏதோ ரயில் நிலையத்தின் பெயர் மாதிரிக் கேட்டது. கையெல்லாம் பரவாயில்லை, முட்டிதான் மடங்கவே இல்லை. இரண்டு காலும் நேராக நீட்டியபடி, சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கும் பெரிய மனுஷன் மாதிரி படுத்திருந்தாள். வாராவாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்து, கொஞ்சம் மடக்கி, மறுபடி கட்டு. அது முடிந்தபின் காலில் மாட்டும் பிரேஸ். அதோடு தினமும் காலையிலும் சாயங்காலமும் தரையில் மேட் விரித்து நான் அவள் முட்டியை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். வலிக்கும். அவளுக்கு வலிப்பது தெரியாமல் இருக்க நான் ஆடாத கூத்தில்லை. கழுதை மாதிரி கத்துவேன். என் மூக்கை அவள் பாதத்தால் உதைக்க விடுவேன். மடக்கும் நேரத்தில் ஒரு நூல் அளவு கூடுதலாக மடங்கிவிட்டால் எனக்கு அன்று தீபாவளி. இந்த உலகத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அது.

இனி ஆன்ட்டி. ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் சொந்த வீடு. எங்கள் வட்டாரத்தில் எந்தப் பண்டிகையை என்றைக்குக் கும்பிட வேண்டும், யார் எந்தப் பாத்திரத்தில் என்ன கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான். என்னிடம் முதல் நாளே, "தம்பி, நீங்க எந்த கம்பெனி?" என்று கேட்டார். வீட்டில் இருக்கிறேன் என்றேன். "ஓ, வொர்க் ஃப்ரம் ஹோமா?" என்றார். ஹோம் மட்டும்தான் ஆன்ட்டி, வொர்க் இல்லை என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையைப் பார்த்துவிட்டு, "சொந்தத்துல பண்ணிக்கிட்டீங்களோ? அதான்," என்றார். இது அதனால் வருவதில்லை என்று டாக்டர் எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. ஆன்ட்டிக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை. அப்போதே என் மனசுக்குள் அவர் பெயரை எழுதி வைத்தேன். எழுத்துப் பிழையோடுதான்.

வரலட்சுமி பூஜையன்று கூடத்தில் ஜமக்காளம் விரித்து எல்லோரும் கலசத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் முன்வரிசையில், காலை நீட்டியபடி. அவளுக்கு வேறு மாதிரி உட்கார வராது. ஆன்ட்டி முட்டிவலி என்று பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து குனிந்து, "சாமி பக்கம் கால நீட்டக் கூடாதுடா கண்ணா, மடக்கு," என்றார். குழந்தை அவரைப் பார்த்தது. "மடக்கும்மா. நல்ல பொண்ணுல்ல?" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் இரண்டு முட்டியையும் பிடித்து அழுத்திவிட்டார்.

என் மகள் கத்திய கத்தலில் விளக்கேற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் தீப்பெட்டியைக் கீழே போட்டாள். நான் ஆள்களைத் தாண்டிப் போய்த் தூக்கிக்கொண்டேன். ஆன்ட்டி எல்லோரையும் பார்த்து, "நான் லேசாத்தான் தொட்டேன். ரொம்ப செல்லம் குடுத்து வளக்கறாங்க," என்றார்.

வாயை வைத்தே பிழைப்பவன் நான். அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. வீட்டுக்கு வந்து, குளிக்கும்போது, துணி மடிக்கும்போது, ரூட் ஒன் சாலையில் சிக்னலில் நிற்கும்போது, சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் அழகழகாக வந்தது. யாருக்குச் சொல்ல?

முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் மறுநாள் நான் மேட்டை விரித்ததும் அவள் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டாள். "நோ டச்சிங்," என்றாள். கழுதையாகக் கத்தினேன். மூக்கைக் கொடுத்தேன். மிட்டாய் கொடுத்தேன். மிட்டாயை வாங்கிக்கொண்டு, "ஸ்டில் நோ," என்றாள். தெரபிஸ்ட் தொட்டாலும் அலறல். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. நான் நூல் நூலாகச் சேர்த்தது மறுபடி இறுகத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் மறுபடி மாவுக்கட்டுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆன்ட்டியை என்னென்னவோ செய்துகொண்டிருந்தேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

நவராத்திரி வந்தது. ஆன்ட்டி என் மனைவிக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை கன்யா பூஜை வச்சிருக்கேன்மா. ஒம்போது பெண் குழந்தைங்க. உங்க குழந்தைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம், கால் சரியானதும். சாஸ்திரத்துல அங்கஹீனம் இல்லாம இருக்கணும்னு இருக்கு, தப்பா எடுத்துக்காத. அப்புறம், உங்க அபார்ட்மெண்ட்லேருந்து அஞ்சு குழந்தைங்க வராங்க. தம்பி வேன்ல கூட்டிண்டு வந்துடுவாரா? ராகு காலத்துக்கு முன்னாடி முடிக்கணும்."

மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் குனிந்து, "கண்டிப்பா கூட்டிட்டு வரேன் ஆன்ட்டி," என்றேன்.

போனை வைத்ததும் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மாமா, உங்க மூஞ்சி சரியில்ல. என்ன பண்ணப் போறீங்க?"

"வண்டி ஓட்டப் போறேன்."

"எறக்கி விட்டுட்டுப் பேசாம வந்துரோணும். அந்தக் குழந்தைங்க என்ன பண்ணுச்சு?"

குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆன்ட்டிக்குத்தான். என் திட்டம் எளிமையானது, எனக்கு வருவதே எளிமையானதுதான். எங்கள் சமையலறையில் மாமியார் அனுப்பிய நாள்காட்டி தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்கு என்று அச்சடித்திருந்தது. நாலரைக்குப் பிறகு கொண்டுபோய் இறக்குவது. மந்திரம் சொல்ல வாயைத் திறக்கும்போது ராகு உட்கார்ந்திருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு ஆபீஸில் ஏதோ ரிலீஸ், லேப்டாப்பை விட்டு எழ முடியவில்லை. அதனால் மகளையும் வேனில் ஏற்றினேன். பட்டுப்பாவாடை கட்டிய ஐந்து குழந்தைகள் பின்னால் இருக்க, அவள் டிஷர்ட்டில் இருந்தாள். "வொய் ஆம் ஐ நாட் கோயிங்?" என்றாள். நாம் சும்மா டிரைவர்கள்டா என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைக் கண்ணாடியில் பார்த்ததும் வேகத்தை இன்னும் குறைத்தேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பெட்ரோல் போடுமிடத்தில் டயருக்குக் காற்றடித்தேன். காற்று ஏற்கெனவே இருந்தது. ஒரு குளத்தருகே நிறுத்தி வாத்து காட்டினேன். "அங்கிள், ஆர் வீ லாஸ்ட்?" என்று ஒருத்தி கேட்டாள். லாஸ்ட் இல்லை கண்ணு, வின்னிங் என்றேன்.

நாலரை தாண்டியதும் ஆன்ட்டி வீட்டு வாசலில் நிறுத்தினேன். அழுதபடி ஓடி வருவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தபடி வந்தார்.

"கரெக்ட் டைமுக்கு வந்துட்டீங்க தம்பி. அஞ்சு மணிக்கு மேலதான் ராகு காலம்."

"நாலரை இல்லையா ஆன்ட்டி?"

"அது இந்தியாவுக்கு. இங்க சூரியன் உதிக்கறத வச்சுல்ல கணக்கு. ஆப்ல பாக்கணும்."

சூரியன் ஊருக்கு ஊர் வேறு நேரத்தில் உதிக்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் நடத்தித்தான் இருப்பார்கள். அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று தெரியவில்லை. கிணற்றில் நீச்சலடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

தோற்றுப்போய் வேனில் ஏறப் போனேன். அப்போது ஆன்ட்டியின் போன் அடித்தது. பேசிவிட்டு அவர் முகம் மாறியது. மற்ற வீடுகளிலிருந்து வர வேண்டிய நான்கு பேரில் ஒரு குழந்தைக்கு வாந்தியாம். எட்டுப் பேர்தான். ஆன்ட்டி சுற்றிலும் பார்த்தார். திறந்திருந்த வேன் கதவு வழியாக என் மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றார். குரல் வெல்லமாக இருந்தது. "நம்ம குழந்தையும் வந்திருக்கா போல."

"வந்திருக்கா ஆன்ட்டி. ஆனா கால் இன்னும் சரியாகலையே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வாசலில் நின்ற அம்மாக்கள் எல்லோரும் திரும்பினார்கள். நான் சத்தமாகத்தான் சொன்னேன். எனக்குச் சத்தமாகத்தான் வரும்.

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலையே தம்பி."

"சாஸ்திரத்துல இருக்குன்னீங்களே. எனக்கு சாஸ்திரமும் தெரியாது, சயின்ஸும் தெரியாது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"தம்பி, நேரமாகுது. மனசுல வச்சுக்காதீங்க."

"வேற எங்க ஆன்ட்டி வச்சுக்கறது?" என்றேன். இதற்காகத்தானே இத்தனை நாள் சிக்னல் சிக்னலாகப் பேசிப் பார்த்தேன். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்ல. வியர்க்குருவில் பவுடர் போட்ட மாதிரி இருந்தது.

ஆன்ட்டி என்னை விட்டுவிட்டு வேன் பக்கம் போனார். "கண்ணா, வரியா? பாட்டு, கிஃப்ட் எல்லாம் இருக்கு."

என் மகளுக்கு வர ஆசை. எனக்குத் தெரியும். ஆனால் அவள் இரண்டு கையாலும் முட்டியை மூடிக்கொண்டாள். "ஷீ புஷ்ட் மை நீ," என்றாள் என்னிடம்.

"அது தெரியாம பண்ணிட்டேன்டா. ஸாரி, போதுமா?"

"நாட் டு மீ," என்றாள் அவள். "டு மை நீ."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக எனக்கு அவ்வளவு அறிவு கிடையாது.

ஆன்ட்டி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. உள்ளே இருந்து அவர் வீட்டு அங்கிள், "டைம் ஆயிண்டே இருக்கு," என்று குரல் கொடுத்தார். ஆன்ட்டி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, பட்டுப்புடவை கசங்கக் குனிந்து, என் மகளின் வலது முட்டிக்கு முன்னால் முகத்தை வைத்து, "ஸாரி," என்றார். முட்டி ஒன்றும் சொல்லவில்லை. முட்டி சார்பாக என் மகள், "ஓகே," என்றாள்.

பாதம் கழுவ வேண்டுமே, அதற்குப் பிரேஸைக் கழற்ற வேண்டும். அந்த வேலை என்னுடையது. ஒவ்வொரு வெல்க்ரோ பட்டையாக, வேட்டி கிழிகிற சத்தத்தோடு, மெதுவாகப் பிரித்தேன். ஆன்ட்டி தண்ணீர்ச் சொம்போடு காத்திருந்தார். ஒரு பட்டையைத் தப்பாகப் பிரித்துவிட்டதாகச் சொல்லி மறுபடி ஒட்டிப் பிரித்தேன்.

ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். எட்டுப் பேர் சம்மணம், ஒருத்தி நீட்டியபடி. "எல்லாரும் பாதத்த முன்னாடி நீட்டுங்கம்மா," என்றார் ஆன்ட்டி. எட்டுப் பேரும் நீட்டினார்கள். என் மகள் சும்மா இருந்தாள், அவள் ஏற்கெனவே தயார். கொலு எதிரேதான் இருந்தது.

"சாமி பக்கம் நீட்டலாமா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

அவர் சொம்பைச் சாய்த்தார். ஒவ்வொரு பாதமாகக் கழுவி, துடைத்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டார். என் மகளின் பாதத்துக்கு வந்தபோது நான் போனில் போட்டோ எடுத்தேன். ஒன்று போதும்தான். நிறைய எடுத்தேன்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருந்தது. மனைவி கதவைத் திறந்தபடி, "என்ன பண்ணிட்டு வந்தீங்க மாமா?" என்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணல. உம் புள்ளதான் பண்ணுனா."

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு லேப்டாப்புக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் வழக்கம்போல, நம்பிக்கை இல்லாமல்தான், மேட்டை விரித்தேன். மகள் சோபாவுக்குப் பின்னால் போகவில்லை. வந்து படுத்தாள். வலது காலை என் கையில் கொடுத்தாள். மெதுவாக மடக்கினேன். இறுகித்தான் இருந்தது, ஆனாலும் மடக்க விட்டாள். முகத்தைச் சுளித்தாள், அழவில்லை. நான் கழுதையாகக் கத்தவும் மறந்துவிட்டேன். மனைவி திரையில் யாரோ பேசுவதை மியூட் செய்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

இடது காலுக்குக் கை வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நாட் திஸ் ஒன்."

"ஏன்டா கண்ணு?"

"ஷீ டிட்ன்ட் ஸே ஸாரி டு திஸ் ஒன்."

நான் மனைவியைப் பார்த்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆன்ட்டி வீட்டில் இப்போதுதான் சுண்டல் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

"வண்டிச் சாவி எங்க?" என்றேன்.

என் மனைவி லேப்டாப்பை மூடினாள். "இருங்க மாமா," என்றாள், எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே. "இந்தத் தடவ நானும் வர்றேன்."