அறுவடை மிஷினுக்கு ஒரு பாஸ்வேர்டு

பாகூரில் நெல் அறுக்கும் மிஷினை வாடகைக்கு விடுபவர் என் மச்சான். எந்த வயலுக்கு எப்போது மிஷின் போக வேண்டும் என்று தானே முடிவு செய்வதற்காக, ஏஐயிடம் சொல்லி ஒரே மாலையில் ஓர் இணையப் பக்கம் செய்தார். கண் படாமல் இருக்கக் கம்ப்யூட்டருக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். பாஸ்வேர்டு மட்டும் வைக்கவில்லை. பக்கத்தின் லிங்க்கைப் பெருமையாக ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

மறுநாள் எங்கள் முறை. நெல் முற்றியிருந்தது, மழையும் வரும் என்றார்கள். காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் எங்கள் வயல் கடைசிக்குப் போயிருந்தது.

"யாரு மச்சான் மாத்துனது?" என்றேன்.

"யாரு வேணா மாத்தலாம்பா. எல்லாம் நம்ம ஆளுங்கதானே."

"அப்போ மிஷின் ஷெட்டுக்கு இன்னாத்துக்கு ரெண்டு பூட்டு?"

அதில் நியாயம் இருப்பதாக அவருக்கே பட்டது. உடனே ஏஐயிடம் சொல்லிப் பாஸ்வேர்டு வைத்தார். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அதையும் அதே குழுவில் போட்டார்.

இப்போது எல்லோரும் முறைப்படி பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், தங்கள் வயலை முதலில் வைத்தார்கள். நானும் வைத்தேன். எங்கே போவதென்று தெரியாமல் டிரைவர் போனைப் பார்த்தபடி மிஷினோடு ரோட்டிலேயே நின்றார். சாயங்காலம் பெய்த மழையில் எங்கள் நெல் சாய்ந்தது.

மச்சானுக்கு ஆச்சரியம். "அதான் பாஸ்வேர்டு வச்சிட்டனேபா" என்றார்.